மல்லாந்து நடந்த சாட்சிகள்

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டைத் தேவசிகாமணி என்னும் மன்னர் ஆண்டுவந்தார். வீரத்தில் குறைவில்லை, கொடையிலும் குறைவில்லை. சந்தேகம் ஒன்றுதான் அவரைப் பிடித்தாட்டியது. பால் வெளுத்திருந்தால் சுண்ணாம்பு கலந்ததோ என்பார். பழுப்பேறியிருந்தால் நஞ்சோ என்பார். அவர் ஐயுறாமல் கைகூப்பியது திருமூலநாதர் சந்நிதியில் மட்டுமே.

அந்த நாதருக்குச் சாத்தும் செவ்வந்திக்காக அரண்மனை நந்தவனத்தில் நூற்றெட்டு மண்தொட்டிகள் இருந்தன. இலைச்சருகை மக்கவைத்து, உரமிட்டு அவற்றை வளர்த்தவள் பூவாத்தாள். அவள் கட்டிய மாலையை மன்னர் ஒருநாள் வாய்விட்டுப் புகழ்ந்துவிட்டார். முன்பு நந்தவனத்தை நிர்வகித்துவந்த நாகலிங்க பண்டிதருக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

ஒரு காலை, பண்டிதர் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவைக்கு வந்தார், பூவாத்தாளும் அழைக்கப்பட்டாள். பண்டிதர் குச்சியால் மண்ணைக் கிளறினார். கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"பார்த்தருள வேண்டும், வேந்தே! வேரைத் தின்று வேரறுக்கும் புழுக்கள். திருவிழா நெருங்கும் வேளையில் சுவாமியின் பூவுக்கே குழிபறித்திருக்கிறாள்."

மன்னர் குனிந்து பார்த்தார். 'இவ்வளவு கொழுப்பு எதைத் தின்று வந்தது?' என்று அவர் மனம் குடைந்தது.

"இது என்ன புழு, பூவாத்தா?"

"மக்கு தின்கிற புழுங்க, மகராசா. பச்சை வேரைத் தொடாது. சருகைத் தின்று எருவாக்கிக் கொடுக்குமுங்க."

"புழு உனக்குக் குற்றேவல் செய்கிறதோ?" என்று பண்டிதர் நகைத்தார்.

"சம்பளம் கேட்காம செய்யுதுங்க, சாமி."

அவை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. "சோதித்துவிடுவோம். புழுவில்லாமல் சலித்த மண்ணில் நட்ட நல்ல செடியொன்றின் தொட்டியில் இந்தப் புழுக்களை விடுவோம். ஒரு பட்சம் கழிந்தபின் செடி வாடியிருந்தால் நீ எல்லை கடக்க வேண்டும். உன் குடிக்குரிய மாலைத் தொண்டும் போய்விடும்."

பூவாத்தாளின் முகம் வெளுத்தது. ஏழு தலைமுறையாக அவள் குடி செய்துவந்த தொண்டு அது.

"அந்தத் தொட்டி என் வீட்டு முற்றத்தில், என் பூட்டில் இருக்க வேண்டும். இவளை நம்ப முடியாது" என்றார் பண்டிதர்.

"நல்லதுங்க. சாவியும் சாமிகிட்டயே இருக்கட்டும். தண்ணியும் அவரே ஊத்தட்டும். வேறொருத்தர் கை பட்டா என் மேல பழி வருமுங்க. ஆனா எத்தனை புழு போகுதுன்னு மகராசா மட்டும் எண்ணிக்கணும்."

இவள் இத்தனை எளிதாக இசைந்தது மன்னரை உறுத்தியது. பகைவனிடம் சாவி கொடுப்பவள் அறிவிலியா, கள்ளியா? யாரையும் நம்பாத அவர், அவள் உள்ளங்கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்த ஒவ்வொரு புழுவையும் தாமே எண்ணினார். பத்து.

பட்சம் கழிந்தது. பண்டிதர் தம் பூட்டைத் திறந்து தொட்டியை அவைக்குக் கொண்டுவந்தார். செடி தலை கவிழ்ந்து வாடிக் கிடந்தது.

"எல்லைக்கு வண்டி பூட்டச் சொல்லலாமா, வேந்தே?" என்றார் பண்டிதர், மீசையை நீவியபடி.

மன்னர் கையை உயர்த்தினார். பூவாத்தாள் விழுந்து வணங்கினாள். "மண்ணை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டிக் காட்டிட்டுப் போறேனுங்க."

கொட்டி, மண்ணை ஒதுக்கினாள். மன்னர் எண்ணினார். பதினைந்து!

"குட்டி போட்டிருக்கும்!" என்றார் பண்டிதர் சட்டென்று.

"புழுவே வண்டுக்குக் குழந்தைங்க, சாமி. குழந்தை எங்கே குட்டி போடும்? அதுவும் தன் பருமனுக்கு?"

அப்போது தாம்பாளத்தில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பத்துப் புழுக்கள் மல்லாந்தன. கால்கள் வானை நோக்கியிருக்க, முதுகாலேயே ஊர்ந்தன. அடியார்கள் பிராகாரத்தை உடலால் வலம்வருவது மன்னர் நினைவுக்கு வந்தது. மற்ற ஐந்தோ ஒருக்களித்துச் சுருண்டபடியே கிடந்தன.

"மல்லாந்து போறது என் மக்குப் புழுங்க. அதுக்கு நடையே அப்படித்தான். சுருண்டு கிடக்கிறது புல்தரையில வேர் தின்கிற புழுங்க. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். என்னுது பத்து வந்து நிக்குது. இந்த அஞ்சு விருந்தாளியை அழைச்சது யாருங்க?"

மன்னர் மெல்லத் திரும்பினார். "பண்டிதரே, பூட்டு யாருடையது?"

"என்... என்னுடையது."

"சாவி? தண்ணீர் ஊற்றிய கை?"

பண்டிதரின் கை மீசையிலிருந்து இறங்கியது.

மன்னர் பூவாத்தாளைப் பார்த்தார். "இந்த நடையை முதல் நாளே காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருந்தா சாமி இந்த வேர்ப்புழுவைத் தேடி அலைஞ்சிருக்க மாட்டாருங்க. கொதிதண்ணி ஊத்தியிருப்பாரு."

அவை அதிரச் சிரித்தது; இம்முறை மன்னரும் சிரித்தார். பண்டிதரின் பட்டாடை களையப்பட்டது. நந்தவன உரத்தைச் சலித்து, அகப்படும் ஒவ்வொரு புழுவையும் தாம்பாளத்தில் விட்டு இனம்பிரிக்கும் பணி அவருக்கு வாய்த்தது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், அம்மா? அஞ்சாமல் கேள்" என்றார் மன்னர்.

"அந்தப் பத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்க, மகராசா. உரக்குழியில வேலை அப்படியே கிடக்குது."

மன்னர் தம் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து அவள் முந்தானையில் இட்டார். எண்ணவில்லை.