ஏழாம் நாளில் ஓடிய மோட்டார்

ஒரு வாழைத்தோட்டத்தில் கிணறு ஒன்று இருந்தது. கிணற்று மேட்டில் ஒரு பம்பு மோட்டார். தோட்டக்காரர் மாசில்லாமணி ஆறு நாளும் அதை ஓட்டுவார். ஏழாம் நாள் காலையில் சுவிட்சை அணைத்துவிட்டு, "இன்னிக்கு ஓய்ஞ்சிரு. நான் வந்து போடுற வரைக்கும் ஓடக் கூடாது" என்று சொல்லிக் கோயிலுக்குப் போவார்.

அது சித்திரை மாதம். வாழையெல்லாம் குலை தள்ளியிருந்தது. இலைகள் துவள்வதைப் பார்த்த மோட்டாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் ஒரு நாள் நின்றால் இந்தத் தோட்டம் என்ன ஆவது?"

"பொறு அப்பா" என்றது கிணறு. "என்னிடம் முழங்காலளவுதான் இருக்கிறது. ஊற வேண்டும். அவர் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்."

"கோயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இங்கே காய்வதா தெரியும்? ஓய்வெல்லாம் உன்னைப் போலச் சும்மா கிடப்பவர்களுக்கு. இத்தனை வாழைக்கும் தண்ணீர் கொடுப்பது நான்!"

மோட்டார் சுவிட்சை மிரட்டித் தன்னைப் போடவைத்து ஓடத் தொடங்கியது. முதல் வாய்க்கால் நனைந்தது. மோட்டாருக்கு ஒரே பெருமை. அடுத்ததற்குப் பாய்வதற்குள் சேறாக வந்தது.

"நிறுத்து! ஊற்றுக்கண் அடைபடுகிறது!" என்று கிணறு கதறியது. மோட்டார் கேட்கவில்லை. கடைசியில் வெறும் காற்றை இழுத்து இழுத்துச் சூடேறி, உள்ளே சுற்றியிருந்த கம்பிச்சுருள் கருகி, புகைந்து நின்றது.

மாசில்லாமணி திரும்பி வந்தபோது புகை அடங்கவில்லை. மோட்டாரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தது. அவர் திட்டவில்லை. கோயிலுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி ஊற்றுக்கண்ணைத் தேடினார். பாறை கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது.

"ஐயா, மேலே வந்துவிடுங்கள்" என்று அழுதது மோட்டார். "கெடுத்தது நான். என்னைக் கழற்றித் தூரப் போட்டுவிடுங்கள்."

"தூரப் போடவா உன்னைக் கொண்டாந்தேன்?" என்றார் அவர், நிமிராமல். "புதுசா கம்பி சுத்திக்கலாம். கொஞ்சம் பேசாம இரு."

பேசாமல் இருந்தது. வேறு வழியும் இல்லை. அப்போது பாறையிடுக்கில் தண்ணீர் சலசலவென்று கசியும் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் மோட்டார் அதைக் கவனித்ததே இல்லை. தண்ணீர் அவருடைய கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலை.

"தினமும் இப்படித்தான் ஊறுமா?" என்று கிணற்றிடம் மெல்லக் கேட்டது.

"நீ நிற்கும்போதெல்லாம்."



மாசில்லாமணி ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரத்தம் கசிந்த கையை அதன் முதுகில் வைத்தார். மோட்டார் கூசிப்போனது.

"சத்தம் கேக்குதா?" என்றார். "வாராவாரம் ஓய்ஞ்சிருன்னு சொன்னது இதைக் கேக்கத்தான்."