ஆக்சிலேட்டருக்கு அடியில் ஏழு பொன்னாடை

சேர்மன் சென்னியப்பனின் காரைச் சைக்கிள்கூட முந்தியது. மூன்று மெக்கானிக்குகள் ஃபில்டரைத் துடைத்தார்கள், கிளட்சை மாற்றினார்கள், பலனில்லை. நாலாவதாக மயிலாத்தாளின் பட்டறைக்கு வந்து குதித்தார்.

"எல்லாரும் கழட்டிப் பார்த்தாச்சு! நீ வண்டியில எதையும் தொடாமச் சரி பண்ணோணும். இல்லீன்னா பட்டறைக்குப் பூட்டுத்தான்!"

மயிலாத்தாள் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தாள். கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "ஏனுங்க, போன மாசம் எங்க மெக்கானிக் சங்கம் உங்களுக்குப் போத்துன பொன்னாடை டிரைவர் காலடியில கெடக்குதுங்களே?"

சேர்மன் முகம் வெளுத்தது. அவரே குனிந்து அவசரமாக உருவினார். ஒன்றல்ல, மெத்தைபோல் அடுக்கிய ஏழு பொன்னாடைகள்! அதுவரை அதில் முட்டி நின்ற ஆக்சிலேட்டர், டிரைவர் மிதித்ததும் இப்போது அடிவரை இறங்கியது. கார் சீறிப் பாய்ந்தது.

அடுத்த ஆண்டுவிழாவில் சங்கம் சேர்மனுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. நல்ல ரப்பர் கால்மிதியாகப் பார்த்துப் போர்த்தியது.