கல்லுக்குச் சுண்ணாம்பு, ஓடைக்கு மண்

"அப்பா! தண்ணி உள்ள வருது!"

மகள் பெருச்சாளி வளை வாசலில் நின்று அலறினாள். பிறந்து கண்கூடத் திறக்காத அவளுடைய குட்டிகள் உள்ளே கிடந்தன. ஒன்றை மட்டும் வாயில் கவ்வி மேட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

தலைவர் பெருச்சாளி அந்த மேட்டில்தான் நின்றார். வெள்ளம் காலில் படாமல் நின்றார்.

"பதறாதேம்மா! இது திட்டம் போட்டுக் கட்டின நகர்!"

மழை விடவில்லை. அல்லிக்குளம் தளும்பி, புது நகரின் தெருவெல்லாம் தண்ணீர். குளத்திலிருந்து நீர்நாய் தலையைத் தூக்கியது.

"திட்டம் போட்டது யாருங்க தலைவரே, தவளையா?"

"வாயை மூடு! பழமையையும் காப்பாத்தி, வளர்ச்சியையும் கொண்டுவந்தவன் நான்! அந்தக் கலங்கலைப் பாரு. ஒரு கல்லையாவது அசைச்சேனா?"

அசைக்கவில்லைதான். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகட்டும் என்று எந்தக் காலத்திலோ ஆமைகள் உருட்டி வைத்த கல்வரிசை அது. தலைவர் அதற்குச் சுண்ணாம்பு அடித்தார். காவிப்பட்டை இழுத்தார். சுற்றி முள்வேலி போட்டார். பக்கத்தில் ஒரு மயிலை ஆடவும் விட்டார்.

அப்புறம் கல்லுக்குப் பின்னால் இருந்த ஓடையில் நாணலைப் பிடுங்கிப் போட்டு, மண் கொட்டி மூடி, அதன்மேல் தன் கூட்டத்துக்கு வளைகள் கட்டிக் கொடுத்தார். ஓடை இல்லாத கலங்கல் எதற்கு? அந்தக் கேள்வி அவருக்கு வரவே இல்லை. கல் பளபளவென்று இருந்தது. அது போதும் அவருக்கு.

"கல்லு இருக்கு, சரி. வழியற தண்ணி எங்கே போகும்?" என்றது நீர்நாய். "உங்க மகள் வீட்டுக்குள்ளதான் போகுது! தெருவைத் தோண்டி வழி விடுங்க! பெருச்சாளிக்குத் தோண்டத் தெரியாதா?"

தலைவருக்குக் கால் எழவில்லை. தோண்ட வேண்டியது புதுத் தெருவின் நட்ட நடுவில். போன வாரம்தான் மாலை கட்டித் திறந்து வைத்தார். கொக்குகள்கூட வந்து பாராட்டிவிட்டுப் போயின. இப்போது அதை அவரே உடைத்தால் ஊர் சிரிக்காதா?

"பொறுங்க. குழுவைக் கூட்டிப் பேசி முடிவு பண்ணலாம்!"

"குழுவா? என் பிள்ளைங்க மூழ்குதுப்பா!"

மகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் இறங்கிப் பறண்டினாள். நீர்நாயும் சேர்ந்துகொண்டது. மண் பிளந்தது. தேங்கிய தண்ணீர் இரைச்சலோடு பழைய தடத்தில் பாய்ந்தது.

அவள் வளைக்குள் பாய்ந்தாள். ஒரு குட்டியோடு வந்தாள். மறுபடி போய் இன்னொன்றோடு வந்தாள். கடைசியாகப் போனவள் வெறும் வாயோடு வந்தாள்.

குழு அப்போதுதான் வந்து சேர்ந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நமது நகரின் இந்தத் துயரமான வேளையில்..."

"நிறுத்துங்கப்பா!" என்றாள் மகள். "பேச்சு வேண்டாம். நாங்க கீறினது சின்னத் தடம்தான். அடுத்த மழைக்குள்ள ஓடையில கொட்டின மண்ணு பூராவையும் அள்ளிடுங்க. வளைகளை மேட்டுல கட்டுங்க. மேடு சும்மாத்தானே கிடக்கு?"

"செஞ்சிடறேம்மா" என்றார். அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

வெயில் அடித்தது. தெரு காய்ந்தது. தலைவர் வேலையில் இறங்கினார். மகள் கீறிய தடத்தை அடைத்தார். அதன்மேலேயே, ஓடையின் நடுவில், செத்துப்போன பேரக்குட்டிக்கு ஒரு நினைவு மேடை எழுப்பினார். சுண்ணாம்பு அடித்தார். மயிலுக்கும் சொல்லி அனுப்பினார்.

மண்ணை மட்டும் அள்ளவில்லை.

பழையது செய்துவந்த வேலையைப் புதைத்துவிட்டு அதன் கல்லை மட்டும் அலங்கரிக்கிறவன், பழமையையும் காப்பதில்லை, ஊரையும் வளர்ப்பதில்லை.