கண்ணாடியில் ஒட்டிய டேப்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப். போட்டிக்கு வரும் கைத்துப்பாக்கிகளை விதிப்படி சோதித்து, எந்தப் பிரிவு என்று பார்த்துப் பெயர் எழுதுவது அங்கே செங்கமலத்தின் வேலை. அந்த வருஷம் கிளப் தலைவர் வேலாயுதசாமியே வந்து தன் துப்பாக்கியை மேசையில் வைத்தார். அதன் முதுகில் குறி பார்க்கும் கண்ணாடி ஒன்று சிவப்புப் புள்ளியோடு மினுங்கியது.

"சாதாப் பிரிவுல எழுது அம்மிணி."

"கண்ணாடி வெச்சதெல்லாம் திறந்த பிரிவுங்க சார்."

திறந்த பிரிவில் கைதேர்ந்தவர்கள் பதினெட்டுப் பேர். சாதாப் பிரிவில் நாலே பேர். கோப்பை மட்டும் இரண்டுக்கும் ஒரே உயரம்.

"அது மாமனார் ஆசையாக் குடுத்த அலங்காரம். நான் அதுல பாக்கறதே இல்ல, கீழ இருக்கற இரும்புக் குறியிலதான் பாக்கறேன். கழட்டவும் மாட்டேன். எழுதறயா, இல்ல நாளையிலிருந்து வேற வேலை தேடிக்கறயா?"

செங்கமலம் எழுதினாள். பிறகு கறுப்பு டேப்பைக் கிழித்து, கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒட்டினாள்.

"அலங்காரத்துல தூசி படக் கூடாதுங்களே. நீங்கதான் அதுல பாக்கறதில்லையே."

தன் முறை வந்ததும் தலைவர் சுடும் கோட்டில் விறைப்பாகப் போய் நின்றார். துப்பாக்கியை உயர்த்தினார், இறக்கினார், மறுபடி உயர்த்தினார். மணி அடித்தும் குண்டு புறப்படவில்லை. கடைசியில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "டேப்பை எடு. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"எடுத்துடலாங்க சார்" என்ற செங்கமலம் முதலில் ரப்பரை எடுத்தாள். சாதாப் பட்டியலில் அவர் பெயரை மட்டும் பென்சிலில்தான் எழுதியிருந்தாள்.