எட்டு முனைக் காத்தாடி

“துணி தானா வளராதுங்கண்ணே. நீங்க இழுத்திருக்கீங்க,”ன்னாங்க ஜைத்தூன்.

“நான் இழுக்கல மாஸ்டர்.”

“அப்புறம் எப்படி நீண்டுச்சு? சோறு கீறு போட்டீங்களா?”

பக்கத்து மிஷின்ல யாரோ சிரிச்சாங்க. சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரல.

மேசை மேல அவரு தச்சது கெடந்துச்சு. திருவிழாவுல விக்கிற காத்தாடி மாதிரி ஒரு கட்டம். மஞ்சள்ல நாலு முக்கோணம், கருநீலத்துல நாலு. எட்டோட முனையும் நடுவுல ஒரே புள்ளியில வந்து சேரணும். சேர்ந்தது மூணு. மத்த அஞ்சும் கோவிச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்னுச்சு.

கரூருக்கு வெளிய, துண்டுத் துணிய சேர்த்து குவில்ட்டுங்கிற மெத்தைப் போர்வை தைக்கிற கம்பெனி அது. சென்னியப்பன் முப்பது வருஷம் இரும்பு கடையிற லேத் ஓட்டினவரு. பட்டறைய மூடிட்டாங்க. அம்பத்தி நாலு வயசுல இங்க வந்து நின்னப்ப, கேட்ல வாட்ச்மேனா இருங்கன்னாங்க. முடியாது, மிஷின் குடுங்கன்னாரு. சரி, மூணு மாசம் பழகுங்கன்னு ஜைத்தூன்கிட்ட விட்டாங்க. ஜைத்தூன் அங்க கட்டிங் மாஸ்டர். இவரைவிடப் பதினெட்டு வயசு சின்னவங்க.

மூணு மாசம் இன்னியோட முடியுது. நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிடுவாரு. காத்தாடி சேர்ந்தா மிஷின், சேரலைன்னா கேட். கேட்ல போட்டிருக்கிற அந்த நாற்காலிய அவரு தெனமும் பார்த்துக்கிட்டுத்தான் உள்ள வருவாரு. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி. ஆனா அதுல உக்காந்துட்டா இந்தக் கையி ரெண்டும் செத்துரும்னு அவருக்கு ஒரு பயம்.

“அளவு தப்பவே இல்ல மாஸ்டர். இந்தத் தகட்ட வச்சுத்தான் வெட்டினேன்.”

தெரிஞ்ச பட்டறைக்குப் போயி, இரும்புத் தகட்ட முக்கோணமா அராவிக் கொண்டாந்திருந்தாரு. ஜைத்தூன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாங்க.

“எத்தன நாள் வேல?”

“ரெண்டு ஞாயித்துக்கெழம.”

“அருமையா இருக்கு. கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்.”

அப்புறம் அவரு வெட்டி வச்சிருந்த மிச்ச முக்கோணத்துல ஒண்ணை எடுத்தாங்க. நேர் ஓரத்தைப் பிடிச்சு இழுத்தாங்க. அசையல. சாய்ஞ்ச ஓரத்தை ரெண்டே வெரல்ல தொட்டாங்க. ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டுச்சு. விட்டாங்க. நீண்டது திரும்பல.

“நூல் போற போக்குக்குச் சாய்வா, கிராஸ்ல வெட்டின ஓரம். மூச்சு விட்டாலே நீளும்.”

“இரும்பு இப்படிப் பண்ணாதுங்களே.”

“இரும்பு உங்கள எதிர்த்து நின்னுச்சு. இது நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுது. அதான் கஷ்டம்.”

“அப்ப முக்கோணத்த எப்படித்தான் வெட்டுறது?”

ஜைத்தூன் மஞ்சள்ல ஒரு சதுரம், நீலத்துல ஒரு சதுரம் எடுத்து, முகத்தோட முகம் சேர்த்து வச்சாங்க. மூலைக்கு மூலை பென்சில்ல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல். அந்தப் பக்கமும் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல். கத்திரிய எடுத்தாங்க. சரியா கோட்டு மேலயே வெட்டினாங்க.

விரிச்சுப் போட்டாங்க. பாதி மஞ்சள், பாதி நீலம். அதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டு.

சென்னியப்பன் அப்படியே நின்னுட்டாரு. இரும்பு சுருள் சுருளா உரிஞ்சு வர்றத முப்பது வருஷம் கண்ணு கொட்டாமப் பார்த்த மனுசன். இப்பக் கண்ணு கொட்டிக் கொட்டிப் பார்த்தாரு.

“முக்கோணத்த எப்ப மாஸ்டர் வெட்டினீங்க?”

“எங்க வெட்டினேன்? நீங்கதான இங்கயே நின்னீங்க.”

“மொதல்ல சேர்த்துட்டு... அதுக்கப்புறம் வெட்டி...”

“மணி மூணேகால் அண்ணே.”

உக்காந்தாரு. கோடு போட்டாரு, தச்சாரு, வெட்டினாரு. விரிச்சு இஸ்திரிப் பெட்டியால ஒரு இழுப்பு இழுத்தாரு. சதுரம் வாழையெல மாதிரி ஒரு பக்கம் நீண்டு போச்சு.

“வேட்டியா தேய்க்கிறீங்க? பெட்டிய மேல வைங்க. எடுங்க. தள்ளாதீங்க.”

திரும்பவும் நாலு சதுரம் எடுத்தாரு. இந்தத் தடவ பெட்டிய வச்சாரு, எடுத்தாரு. வச்சாரு, எடுத்தாரு. ரெண்டு நெறச் சதுரம் நாலு வந்துச்சு, கொஞ்சம் பெருசாவே. சுத்தி நறுக்கி அளவுக்குக் கொண்டாந்தாரு. லேத்துலயும் கொஞ்சம் விட்டுத்தான் கடைவாங்க, அத யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கல. நாலையும் சேர்த்தாரு. மிஷினுக்குள்ள துணி தானாப் போச்சு. அவரு கையி கூடவே போச்சு, அவ்வளவுதான்.

திருப்பிப் போட்டாரு.

எட்டு முனையும் ஒரே புள்ளி.

வெரல கிட்டக் கொண்டு போனாரு. தொடல. எடுத்துக்கிட்டாரு. உள்ள மிஷினுங்க அத்தன சத்தம் போட்டுக்கிட்டிருக்கு, அவரு காதுல ஒண்ணும் விழல.

“இது நான் தச்சதுங்களா மாஸ்டர்?”

ஜைத்தூன் எட்டிப் பார்த்தாங்க. தலைய ஆட்டிட்டு, அடுத்த துணிய விரிச்சாங்க.

ஆபீஸ் வாசல்ல இருந்து சூப்பர்வைசர் குரல் குடுத்தாரு. “சென்னியண்ணே! மேனேஜர் கூப்பிடுறாரு. தச்சத எடுத்துக்கிட்டு வாங்க.”

சென்னியப்பன் எந்திரிச்சாரு. ரெண்டு எட்டு வச்சவரு திரும்பி வந்தாரு.

“மாஸ்டர், போன வாரம் வரைக்கும் ஒண்ணுமே சேரல, இப்ப என்ன பண்ணினன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?”

ஜைத்தூன் கத்திரியில இருந்து கண்ண எடுக்கல.

“‘நான் ஒண்ணும் பண்ணல, துணி தானாப் போச்சு’ன்னு சொல்லுங்க.”

சென்னியப்பன் துணிய ரெண்டு உள்ளங்கையிலயும் படுக்க வச்சுக்கிட்டு, ஆபீஸப் பார்த்து நடந்தாரு.