அறுத்துப் பார்த்த ஹோஸ்

“பிரேக்குல காலை வெச்சா மனசையும்…”

பூபதியின் அப்பா இப்படி ஏதோ சொல்வார். மனசை என்ன செய்யச் சொன்னார் என்பது பூபதிக்கு மறந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் நிறைய மறந்துவிடுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன் ராலி காரைப் பொற்கொடியின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

கோவையில் பந்தய வண்டிக்கு பிரேக் வேலை என்றால் பொற்கொடிதான். அவளிடம் தொழில் படித்தவர்கள் வாத்தியாரம்மா என்பார்கள். பூபதியும் ஆறு வருஷமாக அவளிடம் படிப்பவன்தான். எட்டு வயது மூத்தவன் என்பதால் அம்மணி என்று கூப்பிடுவான்.

“அம்மணி, ரப்பர் ஹோஸ் நாலையும் கழட்டிட்டு ஸ்டீல் ஹோஸ் மாட்டணும்.”

“ஏனுங்ணா?”

“மிதிச்சா ரப்பர் வீங்குது. பெடல் பஞ்சாட்டம் இறங்குது. எஃகுக் கம்பி பின்னினதுன்னா வீங்காது.”

“அதனாலதான் மரத்துல இடிச்சீங்களா?”

“அதனாலதான்.”

ஏப்ரல் மாதம் மலைப்பாதையில் நடந்த பந்தயம் அது. இடது இருக்கையில் உட்கார்ந்து பாதைக் குறிப்புகளைப் படித்துச் சொன்னவன் பூபதியின் மச்சினன் அருணகிரி. வலது வளைவு ஒன்றில் கார் திரும்பவில்லை. நேரே போய், இடது பக்கம் யூகலிப்டஸ் மரத்தில் மோதியது. அருணகிரிக்குத் தோளில் காறை எலும்பு முறிந்தது. பூபதிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பெடல் இறங்கிவிட்டது என்று பூபதி எல்லாரிடமும் சொன்னான்.

“இப்ப எப்படி இருக்காரு?”

“எலும்பு கூடிருச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பந்தயம். ஹோஸ மாத்தினா வந்து உட்கார்றேங்கறான்.”

“மாத்தாட்டி?”

“அவன் பொண்டாட்டி வாசப்படி தாண்ட விடமாட்டா.”

“ஹோஸ்தான்னு நம்பறாரா?”

“நீங்க சொன்னா ஹோஸ்தான் மாமாங்கறான்.” பூபதி சிரிக்கப் பார்த்தான். “பன்னண்டு வருஷமா தாளைப் படிச்சே கண்ணு போச்சு, ஒருக்கா நீங்க படிங்க நான் ஓட்டறேன்னு வம்பு வேற.”

பொற்கொடி முன்சக்கரத்தைக் கழற்றினாள்.

“இந்த ஹோஸ விரலால புடிங்க.”

அவன் குனிந்து பிடித்தான். அவள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தாள்.

“வீங்குதா?”

“வீங்குது.”

“எவ்வளவு?”

“ஒரு முடி அளவு.”

அவள் இறங்கி வந்தாள். புது ஹோஸ்களை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

நான்காவதை மாட்டும்போது சொன்னாள். “ரப்பர் கெட்டா பெரும்பாலும் வெடிப்பு விட்டுக் காட்டும். இது மேல எஃகுச் சட்டை போட்டிருக்கு. உள்ள கெட்டது வெளிய தெரியாது. அப்பப்ப கழட்டிப் பார்க்கோணும்.”

“பார்த்துக்கலாம். பெடல் கல்லாட்டம் இருக்குமில்ல?”

“இருக்கும்.”

இனி பிரேக் ஆயில் ஓடும் இந்தக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிள் திருகைத் திறந்து மூடுவார். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

இதை அவன் நூறு தடவை செய்திருக்கிறான்.

“மிதிங்க.”

“மிதிச்சேன்.”

“புடிங்க.”

“புடிச்சேன்.”

ஆயில் குமிழி விட்டுக்கொண்டு வந்தது. அவள் நிப்பிளை மூடினாள்.

“விடுங்க.”

பின்சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. மூன்றாவது சக்கரத்தில் அவள் ஸ்பேனரைத் திருப்புவதற்குள் நிப்பிள் சளக்கென்று காற்றை உறிஞ்சியது.

“நான் விடச் சொன்னேனா?”

“சொல்லலையா?”

“மறுபடியும் மிதிங்க.”

மறுபடியும் மிதித்தான். பிடித்தான். மறுபடியும் சளக்.

மூன்றாம் தடவையும் அப்படியே ஆனதும் அவள் எழுந்து வந்து கார் கதவில் சாய்ந்துகொண்டாள். முழங்கை வரை ஆயில். காலையிலிருந்து இது ஐந்தாவது வண்டி.

“எங்கணா போயிட்டீங்க?”

“இங்கதான இருக்கேன்.”

“காலு இருக்கு.”

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தான். “வீட்ல தண்ணி மோட்டார ஆஃப் பண்ணினேனான்னு ஒரு யோசனை.”

“பண்ணினீங்களா?”

“தெரியல.”

அவள் திரும்பிப் போய்ச் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் சத்தமாகச் சொன்னாள். அவனும் சத்தமாகவே பதில் சொன்னான். வேலை முடிய மணி நாலாகிவிட்டது.

பூபதி பெடலை மிதித்துப் பார்த்தான். இறங்கவே இல்லை.

“கல்லு அம்மணி. கல்லேதான்!” பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. “இனி அருணகிரி பயப்பட மாட்டான்.”

பொற்கொடி மூலையில் கிடந்த பழைய ஹோஸ்களை எடுத்து வந்தாள். பிளேடால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் அறுத்தாள். வெண்டைக்காய் மாதிரி பிளந்து, நாலையும் அவன் மடியில் வைத்தாள்.

உள்ளே கறுப்பாக, வழவழவென்று இருந்தன. வெடிப்பு இல்லை. பிசிறு இல்லை. எங்கும் அடைப்பு இல்லை.

“எது இறங்குச்சுன்னு காட்டுங்க.”

பூபதி ஒவ்வொன்றிலும் விரலை ஓட்டினான். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். திரும்பவும் ஒரு தடவை.

பொற்கொடி சோப்புத்தூள் போட்டுக் கை கழுவப் போனாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் அவனால் சொல்ல முடிந்தது.

“பெடல் இறங்கல.”

அவள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் மிதிக்கவே இல்ல. நூறு மீட்டர், வலது, இறுக்கம்னு அவன் கத்தினது காதுல விழுந்துச்சு. வேற யாருக்கோ சொல்றான்னு இருந்துச்சு.”

“அன்னைக்கும் மோட்டாருங்களா?”

“மோட்டார்தான்.”

இருவரும் சிரிக்கவில்லை.

“அலுத்துப்போச்சு அம்மணி. ஓட்டறது அலுக்கல. எதுலயும் முழுசா இருக்க முடியல. இதைப் போய் அவன்கிட்ட எப்படிச் சொல்றது? ஹோஸ்னு சொல்லிட்டேன். அவனும் நம்பிட்டான். இப்ப ஹோஸும் மாத்தியாச்சு. இனி நான் என்ன பண்ணோணுங்கற?”

பொற்கொடி கையைத் துடைத்தாள். காரின் இடது இருக்கையில் அவன் கைபேசி கிடந்தது. அதை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

கடைசியில் வாங்கி, அருணகிரிக்குப் போன் போட்டான்.

“மாப்ள, வீட்லயா இருக்கே?”

“இருக்கேன் மாமா. ஸ்டீல் ஹோஸ் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“அப்பறம் என்ன! ஞாயித்துக்கிழமை ஒரு கை பார்த்துரலாம்.”

“இரு. நேர்ல வந்து ஒண்ணு சொல்றேன். நீயும் உன் பொண்டாட்டியும் கேளுங்க. கேட்டுட்டு நீ முடிவு பண்ணு.”

அறுத்த ஹோஸ்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பூபதி கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை அருணகிரி ஓட்டினான். பூபதி இடது இருக்கையில் உட்கார்ந்து தாளைப் படித்தான்.