காதுக்கு இதமான சொல்

தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வேலப்பன், அறுபது வயதில் மொழிபெயர்ப்பு கற்க சலோமி டீச்சரிடம் வந்து சேர்ந்தார். டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். சாட்சிகள் தமிழில் சொல்வதை கோர்ட்டில் ஆங்கிலமாக்கிச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர்.

ஆறு மாதம் கழித்து வேலப்பனுக்குத் தனியாக ஒரு வேலை வந்தது. பஞ்சாலை குடோனில் தீப்பிடித்து, உள்ளே வைத்துப் பூட்டப்பட்டிருந்த மயிலு என்ற பெண் செத்துப்போயிருந்தாள். விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மயிலுவின் தாய் ராக்கம்மா கொடுத்த வாக்குமூலத்தை வேலப்பன்தான் ஆங்கிலத்தில் எழுதினார்.

"எம் மக உள்ள கெடந்து கதறுனா. நான் ஓடி வாறதுக்குள்ள அடங்கிருச்சு. வாசல்ல நின்ன வாட்ச்மேன் கதவத் தொறக்கல."

அவள் சொன்னது இவ்வளவுதான்.

கதறியதற்கு எல்லோரும் போடுகிற சொல்லைப் போட வேலப்பனுக்கு மனம் வரவில்லை. அகராதியைப் புரட்டினார். அழுகைக்கு மட்டும் ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. ‘விம்பர்’ என்பது காதுக்கு இதமாக இருந்தது. அதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உத்தரவு வந்தது. பெண் மெல்ல முனகித்தான் அழுதாள் என்று தாயே சொல்லியிருக்கிறாள், வெளியே நின்றவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை, ஆகவே ஆலைமேல் தவறில்லை என்று இருந்தது.

வேலப்பன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

"விம்பர் என்றாலும் அழுவதுதானே டீச்சர்? அகராதியில் அப்படித்தானே போட்டிருக்கிறது?"

டீச்சர் உத்தரவை முழுக்க வாசித்தார்.

"வாசலில் போய் நில்லுங்கள் அண்ணே."

கதவு சாத்தப்பட்டது. வேலப்பன் வெயிலில் நின்றார். எதிர்வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. டீச்சரின் கண்கள் சிவந்திருந்தன.

"கேட்டதா?"

"எது டீச்சர்?"

"நீங்கள் எழுதியபடியே அழுதேன். வாய்க்குள்ளேயே."

"ஒன்றும் கேட்கவில்லையே."

"வாட்ச்மேனும் அதைத்தான் சொன்னான்."

வேலப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"திருத்தி எழுதிக் கொடுத்துவிடுகிறேன் டீச்சர். சரியான சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள்."

"இந்த உத்தரவில் என்ன இருக்கிறது என்று ராக்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இங்கிலீஷில்தானே வந்திருக்கிறது."

டீச்சர் தாளை அவர் கையில் திரும்பக் கொடுத்தார்.

"போய்த் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ‘உன் மகள் சத்தமில்லாமல் அழுதாள் என்று நீயே சொன்னதாகப் போட்டிருக்கிறது’ என்று சொல்லுங்கள். அப்போது அவளிடமிருந்து ஒன்று உங்கள் காதில் விழும் பாருங்கள், அதுதான் சொல்."